சாவி ஓர் ஊரில், வண்டி ஓர் ஊரில்

ஓர் ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டுதான். ஊராட்சித் தலைவர்களோ மூன்று பேர். ஆம்புலன்ஸ் ஒப்பந்தம் எட்டு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்ததற்கு வேறு காரணம் தேடுகிறவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். தேடட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. சல்கினாய்க்குக் காரணம் முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி மூன்று ஊர்கள். மேலே சாரிகயா, நடுவில் எகிதெரெக், கீழே கரதோபோ. மூன்றுக்கும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர், குப்பை கொட்டுவதும் அதே ஆற்றங்கரை, பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒருவருக்கொருவர்தான். ஆனால் மூன்று ஊராட்சி, மூன்று முத்திரை, மூன்று கொடிக்கம்பம். சல்கினாய் எகிதெரெக் ஊராட்சியின் செயலர். கடிதம் எழுதுவது, முத்திரை குத்துவது, தலைவர் தொலைத்த மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிப்பது, எல்லாம் அவள் தலையில்தான்.

அந்த மார்ச் மாதம் வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். "மூன்று ஊரும் சேர்ந்து திட்டமிடுங்கள், சேர்ந்து நடத்துங்கள், நாங்கள் ஓர் ஆம்புலன்ஸ் தருகிறோம்" என்றார்கள். நவம்பர் முதல் தேதிக்குள் மூன்று தலைவர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். ஒப்பந்தத்தை எழுதுகிற வேலை யாருக்கு வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

மற்றவர்களுக்கு அது ஒரு வண்டி. சல்கினாய்க்கு அப்படி இல்லை. அந்த ஜனவரியில்தான் அவள் தங்கை ஜிபேக் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்திருந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரி கணவாயைத் தாண்டி எழுபது கிலோமீட்டர். ஊரில் இருந்தது ஒரே ஷேர் டாக்சி. நாலு சீட் நிரம்பாமல் அவன் கிளம்பமாட்டான். காலை எட்டு மணிக்கு வலி எடுத்தது. நாலாவது ஆள் சந்தைக்குப் போகிறவர், சாய் குடித்துவிட்டு வருகிறேன் என்றவர், வந்து ஏறியபோது மணி பதினொன்றரை. குழந்தை கணவாயின் உச்சியில், பின்சீட்டில் பிறந்தது. அழவே இல்லை. சல்கினாய் அந்த நேரத்தில் மாவட்டத் தலைநகரில் கருத்தரங்கு ஒன்றில் உட்கார்ந்து நோட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். தலைப்பு: 'கிராமத்துக்குச் சேவைகளைக் கொண்டுசேர்ப்பது எப்படி'. அந்த நோட்டை அவள் பிறகு அடுப்பில் போட்டாள்.

எனவே இந்த வண்டி வந்தே ஆகவேண்டும் என்று அவள் மனதில் முடிந்துவைத்துவிட்டாள். ஆகஸ்டில் ஜிபேக் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது அந்த முடிச்சு இன்னும் இறுகியது. பிப்ரவரிக் கடைசியில் பிரசவம். அதே பனி, அதே கணவாய்.

சரி, கூட்டங்களுக்கு வருவோம். தலைவர்கள் கூடினால் ஆடு வெட்டாமல் முடியாது. ஆடு வெட்டினால் யாருக்கு எந்த எலும்பு என்பது வயதையும் தகுதியையும் பார்த்துத்தான். விருந்தாளியில் பெரியவனுக்கு இடுப்பெலும்பு. அழைத்தவன் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று தலைவர்களுக்கும் கூட்டம் தங்கள் ஊரில்தான் நடக்கவேண்டும், மற்ற இருவரும் தங்களைத் தேடி வரவேண்டும். ஆனால் இடுப்பெலும்பும் தங்களுக்கே வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும்?

முதல் கூட்டத்துக்குச் சல்கினாய் சாமர்த்தியமாக ஒரு வழி செய்தாள். பொதுவான இடமாகப் பள்ளிக்கூடத்தைப் பிடித்தாள், இரண்டு ஆடு வெட்டச் சொன்னாள். ஆளுக்கொரு எலும்பு கிடைத்தது. ஆனால் தட்டில் நாலாவது எலும்பு ஒன்று மிஞ்சிவிட்டதே! அதை யார் தொடுவது? சாரிகயாவின் ஷர்ஷென் தன்னைவிட மூத்தவர் அங்கே யாரும் இல்லை என்றார். கரதோபோவின் துய்ஷோபாய் தானும் அதே ஆண்டுதான் என்றார். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டிலும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்றே இருந்தது. அந்தக் காலத்தில் தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அதைத்தான் எழுதினார்கள். யார் அம்மா எந்தப் பனியில் பிரசவித்தாள் என்ற ஆராய்ச்சியில் மூன்று மணி நேரம் போயிற்று. அதற்குள் நாலாவது எலும்பை எகிதெரெக் ஊராட்சியின் டிரைவர் எசென் ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் தின்று முடித்திருந்தார். அன்றைய கூட்டத்தில் உருப்படியாக முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு கையெழுத்துப் பிரச்சினை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு சல்கினாய் ஊர் ஊராகப் போனாள்.

"முதல்ல அவங்க போடட்டும்," என்றார் ஷர்ஷென். "முதல்ல போடுறவன் கெஞ்சுறவன் மாதிரி ஆயிடும்."

"அவர் போட்டப்புறம் நான் போட்டா, அவர் சொல்லி நான் கேட்ட மாதிரி இருக்காதா?" என்றார் துய்ஷோபாய். மென்மையான குரல், அந்தக் குரலில் அவர் சரி என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவளுடைய சொந்தத் தலைவர் கல்மாமத், முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர், பந்து மாதிரி உருண்டையான மனிதர், தோளைக் குலுக்கினார். "நடுவுல போடுறதுக்கு நான் என்ன ரொட்டிக்குள்ள வச்ச கறியா?"

இப்படியே கோடை போயிற்று, புல் அறுப்பு போயிற்று. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி கல்மாமத்தின் வீட்டில் கடைசிக் கூட்டம். கெடு முடிய மூன்று நாள். அன்று தகராறு, வண்டி எந்த ஊரில் நிற்பது என்று.

"நாங்கதான் உச்சியில இருக்கோம். பனி முதல்ல எங்க தலையிலதான் விழுது. வண்டி எங்ககிட்டதான் நிக்கணும்," என்றார் ஷர்ஷென்.

"நடுவுல நின்னா மேலயும் கீழயும் ஒரே தூரம். ஆறாங்கிளாஸ் கணக்குய்யா இது," என்றார் கல்மாமத்.

"உடற்பயிற்சி வாத்தியாரு கணக்குச் சொல்ல வந்துட்டாரு!" என்றார் ஷர்ஷென்.

"எங்க ஊர்ல கிடங்கு இருக்கு," என்றார் துய்ஷோபாய். பழைய கூட்டுப்பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் கிடங்குக் காப்பாளராக இருந்தவர். "நல்ல பூட்டு இருக்கு. உள்ள வச்சுப் பூட்டிட்டா நூறு வருஷம் ஆனாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"வண்டிக்கு ஆகாது, நோயாளிக்கு?" என்றார் கல்மாமத்.

சாய் ஊற்றிக்கொண்டிருந்த சல்கினாய் கெட்டிலை ணங்கென்று வைத்தாள். எட்டு மாதம் அடக்கி வைத்தது எல்லாம், மூத்தவர்களை அழைக்கும் 'பைகே'யோடு சேர்ந்து, ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க பைகே! இந்த ஆட்டை வெட்டுன மாதிரி வண்டியையும் வெட்டிப் பங்கு போட்டுக்குங்க. உடம்பு சாரிகயாவுக்கு, டிரைவர் எங்களுக்கு, சாவி கரதோபோவுக்கு! ஆளுக்கொரு எலும்பு, சண்டையே இல்ல. தலையை மட்டும் எனக்குக் குடுங்க, சுவத்துல முட்டிக்கிறதுக்கு."

வேலை போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். ஷர்ஷென் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். கல்மாமத் கூரையைப் பார்த்தார். 'சாவி' என்ற சொல்லைக் கேட்டதும் துய்ஷோபாயின் வலதுகை தானாக மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு மூளை இருக்குப்பா," என்றார் துய்ஷோபாய்.

"எட்டு மாசமா இது நமக்குத் தோணலையே!" என்றார் ஷர்ஷென்.

சல்கினாய் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். "பைகே, பைகே, நான் கோவத்துல சொன்னேன். வண்டி ஒரு இடம், சாவி இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு இடம்னா…"

"கோவத்துலதான்மா நியாயம் பொறக்கும்," என்றார் கல்மாமத். அவருக்குத் தன் ஆள் சொன்ன யோசனை என்ற பெருமை வேறு.

அதற்குள் துய்ஷோபாய் இரண்டு கைகளையும் பிரார்த்தனைக்கு ஏந்திவிட்டார். மற்ற இருவரும் ஏந்தினார்கள். மூன்று பேரும் முகத்தைத் தடவி "ஓமின்" சொல்லியாயிற்று. பேனாவால் எழுதியதைக்கூட அடிக்கலாம். கையேந்தி ஓமின் சொன்னதை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மாற்றியதில்லை. சல்கினாய்க்கு அது நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று தகராறு செய்தால் வண்டியே இல்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு அவள் தன் கைப்பட எழுதினாள்: வண்டி சாரிகயாவில், டிரைவர் எகிதெரெக்கில், சாவி கரதோபோவில். ஏழாவது விதி: மூன்று தலைவர்களும் சம்மதித்தால் மட்டுமே சாவி வெளியே வரும். அதையும் அவள்தான் எழுதினாள். கையெழுத்துக்கு மூன்று பிரதி அடித்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரை மேலே போட்டாள். ஆளுக்கு ஒன்றில் அவரவரே முதல்வர். மூன்று தாளும் தனித்தனியாக, மூன்று நாளில், மூன்று ஊரில் கையெழுத்தாகின.

வண்டி வந்தது. சாம்பல் நிறம், ரொட்டித் துண்டு மாதிரி வடிவம். ஜனங்கள் 'ரொட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாற்றுச் சாவி ஒன்று செய்துகொள்ளலாமே என்று கேட்டவர்களும் உண்டு. செய்யலாம், யார் வேண்டாம் என்றது? மூன்று பேரும் கையெழுத்திட்டால் போதும்.

டிசம்பரில் சாரிகயாவில் ஒரு பெரியவர் குதிரையிலிருந்து விழுந்தார். வண்டி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. டிரைவர் எசென் எகிதெரெக்கிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே வந்தார். துய்ஷோபாய் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அவரைக் கண்டுபிடித்து, சாவிப் பெட்டியைத் திறக்கவைத்து, சாவி வந்து சேர இரண்டு மணி ஐம்பது நிமிஷம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பெரியவரின் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார், பெரியவர் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்திருந்தார். வாசலுக்கு வந்து, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு வாய் சாய் குடிக்காம போகக்கூடாது" என்று எல்லாரையும் உள்ளே அழைத்தார். மூன்று ஊர்க்காரர்களும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாய் குடித்தார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ தலைநகருக்குப் போயிற்று, 'பகிர்ந்த பொறுப்பு' என்ற தலைப்போடு அறிக்கையில் அட்டைப்படமாக வந்தது.

"அக்கா, எனக்கு அந்த டாக்சியே போதும்," என்றாள் ஜிபேக், அறிக்கையைப் பார்த்துவிட்டு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வயிற்றின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"வாயை மூடு. பிப்ரவரி பதினஞ்சாந்தேதி உன்னை டவுன்ல நம்ம சித்தி வீட்ல கொண்டுபோய் விட்டுடறேன். பிரசவம் வரைக்கும் அங்கேயே இரு. ரொட்டியும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம்."

"போன வருஷமும் ஏதோ தேதி சொன்ன. அன்னைக்கு நீ கருத்தரங்குல இருந்த."

சல்கினாய் காலண்டரில் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதியன்று ஒரு குழு வரப்போகிறது என்று தலைநகரிலிருந்து முன்கூட்டியே கடிதம் வந்தது. பக்கத்து மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் நாற்பது பேர், 'மூன்று ஊர் முறை'யைக் கற்றுக்கொள்ள வருகிறார்களாம். அடேயப்பா! மூன்று தலைவர்களுக்கும் ஒரு வாரம் தூக்கமே இல்லை. விழா எகிதெரெக் கலாசார மன்றத்தின் முன்னால். வண்டியைச் சாரிகயாவிலிருந்து குதிரை பூட்டி இழுத்து வந்தார்கள். சாவி ஒரு நாள் முன்னதாக வருவதற்குத் துய்ஷோபாய் சம்மதிக்கவில்லை. ரொட்டியைக் கழுவி, குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். சாவியைச் சிவப்பு வெல்வெட் மெத்தையில் வைத்துத் துய்ஷோபாயே காரில் மடியில் ஏந்தி வந்தார். எசெனுக்கு ஒரு புதுக் கல்பக் தொப்பி. ஆக, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து முதல்தடவையாக வண்டியும் டிரைவரும் சாவியும் நோயாளி இல்லாமலே ஓரிடத்தில் கூடியிருந்தன.

ஊர்ப் பெண்களெல்லாம் மன்றத்தின் பின்னால் போர்சோக் மாவைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஜிபேக்கும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். காலை பத்தேகால் மணிக்கு அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அக்காவைக் கூப்பிடுங்க" என்றாள்.

சல்கினாய் ஓடிவந்து பார்த்தபோது தங்கையின் முகம் மாவைவிட வெளுத்திருந்தது. தரையில் தண்ணீர்.

"இன்னும் மூணு வாரம் இருக்கேடீ!"

"அதை இதுகிட்ட சொல்லு," என்றாள் ஜிபேக். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா. மறுபடியும் கணவாய் உச்சியில வேண்டாம்க்கா. எனக்குத் தாங்காது."

சல்கினாய் முன்பக்கம் ஓடினாள். மேடையில் ஷர்ஷென் பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஊரின் வலி மூன்று ஊரின் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படியில் ஏறி அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஆட்சேபணையே இல்ல," என்று கிசுகிசுத்தார் ஷர்ஷென். "ஆனா உங்க ஊர்ப் பொண்ணு. கல்மாமத் கேட்கணும்ல முறைப்படி?"

கல்மாமத் அவளை ஓரமாக இழுத்துப் போனார். "சல்கினாய், கண்ணு, ஒரு மணி நேரம். பேச்சு முடிஞ்சு நாடா வெட்டிடலாம். நாற்பது பேர் வந்திருக்காங்க. வண்டியே இல்லாம எதைக் காட்டுறது? தலைப்பிரசவம் எல்லாம் மெதுவாத்தான் வரும்."

"தலைப்பிரசவம் இல்ல பைகே," என்றாள் அவள். கல்மாமத்துக்கு நினைவு வந்து முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மேடையைத்தான் பார்த்தார்.

துய்ஷோபாய் மெத்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஏழாவது விதி என்னம்மா சொல்லுது?" என்று அன்பாகக் கேட்டார். "நீ எழுதினதுதானே? மூணு சம்மதம். ரெண்டு பேரு என்ன சொன்னாங்க? ஆட்சேபணை இல்லைன்னா அது சம்மதம் ஆகுமா? அப்புறம்னு சொன்னா அது சம்மதமா?"

அவள் தன் எழுத்தைத் தானே நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு அழகாக எழுதியிருந்தாள்! ஓர் ஓட்டை இல்லை. போன ஜனவரியில் டாக்சிக்காரன் நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தான். இப்போது மூன்றாவது ஆளுக்காக இவள் காத்திருக்கவேண்டும், அதுதானே விஷயம்? ஷேர் டாக்சியைத்தான் அவள் எட்டு மாதம் பாடுபட்டு இன்னொரு தடவை எழுதியிருக்கிறாள்.

குனிந்து, வெல்வெட் மெத்தையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். துய்ஷோபாய் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து யாரும் சாவியை அப்படி எடுத்ததில்லை.

எசென் வண்டியில் சாய்ந்து போர்சோக் மென்றுகொண்டிருந்தார். சல்கினாய் சாவியை நீட்டினாள். "எசென் அண்ணே. ஜிபேக்குக்கு வலி வந்துடுச்சு. யாரும் சம்மதிக்கல. உங்க வேலை போயிடலாம்."

எசென் சாவியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், வாயிலிருந்ததை விழுங்கினார். "சம்மதம் கிம்மதம் எல்லாம் தலைவருங்க பாடு தங்கச்சி. ஒப்பந்தத்துல டிரைவர்னா ஓட்டணும்னுதான் போட்டிருக்கு. நான் படிச்சுப் பார்த்தேன். ஏறுங்க."

மன்றத்தின் பின்புறம் போய் ஜிபேக்கைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள். வெளியே போக ஒரே வழி மன்றத்தின் முன்னால்தான். அங்கே இப்போது கல்மாமத் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, முகப்பில் கட்டியிருந்த சிவப்பு நாடா அறுந்து படபடக்க, நாற்பது தலைவர்களுக்கும் மேடைக்கும் நடுவே புகுந்து பாய்ந்து போயிற்று. பிறகு தலைநகரிலிருந்து வந்த திட்டப் பெண்மணி கைதட்டினாள். நாற்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள்! அந்தப் பெண்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள்: 'அழைப்பிலிருந்து புறப்பாடு வரை ஏழு நிமிடம். உலகத் தரம்.' கல்மாமத் ஒலிபெருக்கியில், "இப்படித்தான்… இப்படித்தான் எங்க முறை" என்றார். பாவம், வேறு என்ன சொல்வார்?

கணவாயின் உச்சியில் சாலை வளைகிற இடம் வந்தபோது ஜிபேக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சல்கினாயும் மூடிக்கொண்டாள். எசென் அந்த இடத்தைக் கடந்தபிறகுதான் வாயைத் திறந்தார்: "தாண்டியாச்சு." ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து இருபது நிமிஷத்தில் குழந்தை பிறந்தது. பெண். இரண்டே கால் கிலோ. பிறந்ததும் தாதி ஒரு தட்டுத் தட்டினாள்; அப்புறம் அது அழுத அழுகையில் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சல்கினாய் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, வாயில் தலைக்குட்டையின் நுனியை அடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

திங்கட்கிழமை அவளுக்கு அழைப்பு வந்தது. எகிதெரெக் அலுவலகத்தில் மூன்று தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடு வெட்டவில்லை. யார் யார் ஊருக்கு வருவது என்ற பேச்சே எழவில்லை. ஆச்சரியம்தான், மூன்று பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"விருந்தாளிங்க முன்னாடி மானம் போகாம தப்பிச்சது ஆண்டவன் செயல்," என்றார் ஷர்ஷென். "ஆனா விதி விதிதான். மூணு ஊராட்சியும் சேர்ந்து உனக்குக் கடுமையான எழுத்துக் கண்டனம் குடுக்கிறோம்."

"சரி பைகே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்மாமத் தொண்டையைச் செருமினார். "அது… எந்த வடிவத்துல எழுதணும்னு உனக்குத்தான் தெரியும். கொஞ்சம் எழுதிக்கொண்டா."

சல்கினாய் போய்த் தட்டச்சு செய்தாள். தன்னைத் தானே கண்டிப்பதில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை; 'பொறுப்பற்ற', 'தன்னிச்சையான', 'மன்னிக்க முடியாத' எல்லாம் போட்டாள். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள். இப்படிப்பட்டவர்கள் இனிமேல் வண்டியைக் கடத்திப் போகாதிருக்க, வண்டி, டிரைவர், சாவி மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே ஆளின் காவலில், இரவும் பகலும் வைக்கவேண்டும்.

துய்ஷோபாய் அதைச் சத்தமாக வாசித்தார். 'காவல்' என்ற இடத்தில் தலையாட்டினார். "இது நல்லாருக்கு. ஆனா யாரு காவல்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டுனா எழுந்திருக்கணும். பனியில டயரைப் பார்க்கணும். பெரிய இம்சை."

"இவதான்," என்றார் ஷர்ஷென் உடனே. "தப்புப் பண்ணினது இவதானே? இவ தலையிலேயே கட்டுங்க. அப்பத்தான் புத்தி வரும்."

"அப்போ வண்டி இவ இருக்கிற ஊர்ல நிக்கணுமே," என்று இழுத்தார் கல்மாமத்.

"உங்க ஆளு, உங்க தலைவலி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "எங்க ஊர்ப்பக்கம் தள்ளப் பார்க்காதீங்க!"

எட்டு மாதம் எல்லாரும் தங்கள் பக்கம் இழுத்த வண்டி, இப்போது எல்லாரும் தள்ள, நடுவில் வந்து நின்றது. ஷர்ஷென் பேனாவைப் பிடுங்கி முதலில் கையெழுத்திட்டார். துய்ஷோபாய் தன் பேனாவையே எடுத்துவிட்டார். கல்மாமத் எங்கே தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று ஓரத்தில் நெருக்கிப் போட்டார். ஒரே தாள், ஒரே நாள், மூன்று முத்திரை. பிறகு மூவரும் கையேந்தி, முகத்தைத் தடவி, ஓமின் சொன்னார்கள். இனி யார் மாற்றமுடியும்?

துய்ஷோபாய் எழுந்தார். "சாவி இனிமே உன் பொறுப்பு," என்று முறைத்தார். "தொலைச்சியோ, தெரியும்." அவர் குரலில் சற்று வருத்தமும் இருந்தது, எவ்வளவானாலும் சாவி அல்லவா?

"என்னம்மா, கண்டனம் வாங்கிட்டு முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் கல்மாமத்.

"ரொம்பக் கடுமையா இருக்கு பைகே," என்றாள் சல்கினாய்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜிபேக் குழந்தையை மார்போடு போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"வேலை போச்சாக்கா?"

"போகல. தண்டனை குடுத்திருக்காங்க." சல்கினாய் பையிலிருந்து சாவியை எடுத்துப் போர்வையின்மேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஜிபேக் சிரித்தாள், தையல் வலிக்க, வலிக்க, சிரித்தாள்.

"கையெழுத்து வாங்க எவ்வளவு நேரமாச்சு?"

"கால் மணி நேரம்."

ஜிபேக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாதாரண சாவிதான், தலையில் கொஞ்சம் கறுப்பு பிளாஸ்டிக்.

"போன வருஷமே உன்னை யாராச்சும் இப்படிக் கண்டிச்சிருக்கலாம்க்கா," என்றாள்.